விலை தெரிந்தால் மட்டும் போதுமா?

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் நாம் பேரம் பேசி வாங்கும் மரக்கறிகளில் பல, தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்தைத் தாண்டி வருபவை. அங்கே காலையில் ஒரு விலை, மதியத்தில் இன்னொன்று. லொறியில் மூட்டை ஏற்றும்போது விவசாயி போட்ட கணக்கு, இறக்கும்போது பொய்த்துப்போகும்.

இதை மாற்றத்தான் 2000களின் முற்பகுதியில் 'கொவி ஞான சேவா' தம்புள்ளையில் தொடங்கியது. அன்றன்றைய விலையைத் திரட்டி விவசாயிகளுக்குத் தெரியப்படுத்தினார்கள். பின்னர் டயலொக்கின் 'ட்ரேட்நெட்' சேவை வழியாக அந்த விலை கைத்தொலைபேசிக்கே வந்தது. தேவை சின்னதல்ல. விதை எங்கே, உரம் எங்கே, வாங்குபவர் யார் என்று விசாரித்து அலைவதற்கே தம்புள்ளைச் சிறு விவசாயிகளின் மொத்தச் செலவில் சுமார் 11 சதவீதம் போவதாக லேர்ன்ஏசியா ஆய்வு நிறுவனத்தினர் கணக்கிட்டார்கள்.

தொலைபேசி எவ்வளவு செய்யும் என்பதற்கு வட கேரளம் நல்ல சாட்சி. 1997 ஜனவரி 14 காலை, வடகரைக் கரையில் 11 மீனவர்கள் வாங்க ஆளில்லாமல் மத்தியைக் கொட்டவேண்டிய நிலையில் நின்றார்கள். 15 கிலோமீற்றருக்குள் இருந்த வேறு சந்தைகளிலோ வாங்க வந்த 27 பேர் மீன் கிடைக்காமல் திரும்பப்போனார்கள். அதே ஆண்டில் அந்தப் பக்கம் கைத்தொலைபேசி வந்தது. கடலில் இருந்தபடியே விலை கேட்டு, படகைத் தோதான கரைக்குத் திருப்பினார்கள். மீன் வீணாவது ஏறக்குறைய நின்றது. மீனவர் இலாபம் 8 சதவீதம் கூடியது, வாங்குவோருக்கு விலை 4 சதவீதம் குறைந்தது என்று பொருளியலாளர் ரொபர்ட் ஜென்சன் 2007இல் எழுதினார்.

படகைத் திருப்பலாம், கூலி கொடுத்து ஏற்றிய போஞ்சி லொறியை அப்படித் திருப்ப முடியுமா? வியாபாரியிடம் முற்பணம் வாங்கிப் பயிர் செய்தவருக்கு வேறு சந்தையின் நல்ல விலை தெரிந்தும் பயனில்லை, சரக்கு அந்த வியாபாரியிடம்தான் போகவேண்டும். கைத்தொலைபேசி சொல்லும் விலையைப் பயன்படுத்த, கடன்படாத கையும் வேண்டும். கிராமத்துக்கு இணையம் கொடுத்துவிட்டோம் என்று திருப்திப்படுகிறவர்கள் இதைப் பேசுவதே இல்லை.

விலை தெரிவதும் பிந்தித்தான். சந்தையில் கோவா குவிந்து விலை விழுந்த பிறகு வரும் குறுஞ்செய்தியால் அந்தப் போகத்தைக் காப்பாற்ற முடியாது. எந்த மாவட்டத்தில் எத்தனை ஏக்கரில் என்ன விதைக்கிறார்கள் என்பது விதைப்புக்கு முன்பே தெரிந்தால், பத்துப் பேர் செய்வதையே பதினோராவது ஆளும் செய்யவேண்டியதில்லை. விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்தை அழைத்தால் இன்று பயிர் ஆலோசனை கிடைக்கிறது. விதைப்புக் கணக்கும் அதே வழியில், கிளிநொச்சி விவசாயிக்குத் தமிழிலேயே, விதை வாங்கப் போகும் முன் கிடைக்கவேண்டும்.