தூக்கம் வரவில்லையா?

படுத்தால் தூக்கம் வருவதில்லை. கடன், பிள்ளைகள் படிப்பு, நாளைய வேலை என்று மனம் ஓடுகிறது. "இன்றும் தூங்க மாட்டோமோ" என்ற பயமும் சேர்கிறது. அந்தப் பயமே தூக்கத்தைக் கெடுக்கிறது.

வாரத்தில் 3 இரவுகளாவது இப்படி, 3 மாதம் நீடித்தால் அது நோய். மாத்திரை இல்லாமலும் இதைக் குணப்படுத்தலாம். பழக்கத்தை மாற்றுவதே சிகிச்சை.

என்ன செய்ய வேண்டும்?

1. தினமும் ஒரே நேரத்தில் எழுந்திருங்கள். இரவு தூங்காவிட்டாலும் நேரத்தை மாற்றாதீர்கள்.

2. கண் சொக்கிய பிறகே படுங்கள்.

3. சுமார் 20 நிமிடம் தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறு இடத்தில் உட்காருங்கள். தூக்கம் வந்ததும் மீண்டும் படுங்கள். பாய் என்றால் தூக்கம் என்று உடல் பழகும்.

4. பகலில் நெடுநேரம் தூங்காதீர்கள்.

5. மாலைக்குப் பின் டீ, காபி, பீடி வேண்டாம். சாராயம் தரும் தூக்கம் நடு இரவில் கலைந்துவிடும்.

6. கவலைகளை மாலையிலேயே நோட்டில் எழுதுங்கள். நாம் கற்ற எழுத்து இதற்கும் உதவும்.

முதலில் சோர்வாக இருக்கும். சில வாரங்களில் பலன் தெரியும்.

கடையில் நீங்களாகத் தூக்க மாத்திரை வாங்காதீர்கள். ஏற்கெனவே சாப்பிடுபவர்கள் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.

மனக்கவலை மிகுந்தால் 14416 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். இது 2022-இல் தொடங்கிய அரசின் இலவச உதவி.