உணர்ச்சியற்ற கைகால்களுக்கு உற்ற துணை

மனிதனும் அவன் கையாளும் பொருளும் ஒன்றையொன்று தொடும் இடத்தை இக்காலத்தார் இடைமுகம் என்பர். உளியின் பிடி, காலின் செருப்பு, கணினியின் திரை யாவும் இவ்வகையினவே. அவ்விடத்தைச் செம்மையுற அமைத்தல் இன்று ஒரு தனிக்கலையாய் விளங்குகின்றது. அக்கலைக்குப் பெயர் வழங்காத நாளிலேயே நம் வேலூரில் அதனைப் பயின்றவர் டாக்டர் பால் பிராண்டு (1914–2003) ஆவார்.

கொல்லிமலையில் மிஷனெரிமாரின் புதல்வராய்ப் பிறந்த இவர், இங்கிலாந்தில் முதலில் கட்டடத் தொழிலும் பின்னர் மருத்துவமும் கற்று, 1946-ஆம் ஆண்டில் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளரின் விரல்கள் நோயினாலேயே அழுகி உதிர்கின்றன என்பது அக்காலத்துப் பொதுக்கருத்து. ஒருகால் துருப்பிடித்த பூட்டொன்றைத் திறக்கமாட்டாது இவர் வருந்தியபோது, நோயுற்ற சிறுவன் ஒருவன் சாவியை எளிதில் திருப்பிவிட்டான். அவன் விரலோ எலும்பு தெரியக் கிழிந்திருந்தது. அதனை அவன் அறிந்திலன். விரல்கள் அழிவது பெரும்பாலும் வலியறியாமையால் ஓயாது நேரும் காயங்களாலேயே என்று இவர் தெளிந்தார்.

இத்தெளிவினின்று பல முயற்சிகள் கிளைத்தன. 1948 முதல், நலமுள்ள தசைநாரை இடம் மாற்றும் ரண சிகிச்சையால் மடங்கிய விரல்களை இயங்கச் செய்தார். அவ்விரல்கள் மீண்டும் புண்படாதிருக்கக் கருவிகளின் பிடிகளை மாற்றியமைத்தார். காலுக்கோ செருப்பே மருந்தாயிற்று. நடக்கும்போது உடலின் பாரம் ஒரு சிறிய இடத்தில் குவியின் அவ்விடம் புண்ணாகும். பாதம் முழுவதும் பரவின் தீங்கில்லை. ஆதலின் நுண்துளை ரப்பரால் மெத்தென்ற உள்ளடியும், முள் ஊடுருவாத கடினமான வெளியடியும் அமைந்தன. ஆணி விலக்கப்பட்டது, அது குத்தினும் நோயாளி உணரானன்றோ!

1966-இல் இவர் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனைக்குச் சென்றார். அழுத்தம் மிக்க இடத்தை நிறம் மாறிக் காட்டும் காலுறை அங்கே உருவாயிற்று. பின்னர், வலிக்கு ஈடாக ஒரு மின்கருவியை அமைக்க முயன்றனர். கையுறையிலுள்ள உணர்கருவி மிகுந்த அழுத்தத்தை அறிந்து முதலில் ஒலியால் எச்சரித்தது, நோயாளர் பொருட்படுத்திலர். ஒளியும் பயன்படவில்லை. மின்னதிர்ச்சி தந்தபோது, கடினமான வேலை வரும்போதெல்லாம் கருவியை நிறுத்திவிட்டு, வேலை முடிந்தபின் மீண்டும் இயக்கினர்! பல ஆண்டு உழைப்பின் பின் அம்முயற்சி கைவிடப்பட்டது. இயற்கை தந்த வலியை நாம் நிறுத்த இயலாமையே அதன் சிறப்பு என்பதை அத்தோல்வி உணர்த்திற்று.

எச்சரிக்கும் கருவி தோற்றது. எளிய செருப்போ வென்றது. ஏனெனில் முன்னது, அணிந்தவன் ஒவ்வொரு கணமும் தனக்குக் கீழ்ப்படிய வேண்டுமென எதிர்பார்த்தது. பின்னதோ, அவன் நினையாதபோதும் அவனைக் காத்தது.

நம் மாணவருள் ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டையிலுள்ள தோல் தொழிற்சாலைகளுக்குச் செல்வாரும் உளர். கணினித் துறையை நாடுவாரும் உளர். தைப்பது காலணியாயினும் வரைவது திரையாயினும், பயன்படுத்துவோன் களைத்தும் கவனமிழந்தும் இருக்கும் வேளையை முதலில் எண்ணுதல் நம் கடனாகும்.