கச்சேரி கேட்கும் செவிக்கு

கர்நாடக சங்கீதத்தைத் தனிமையில் கேட்க விரும்பும் ரசிகர் ஹெட்போன் வாங்கச் செல்லுகையில், கீழ் ஸ்தாயியின் முழக்கத்தையே பெருமையாகக் காட்டும் கருவிகளைக் கண்டு மயங்கலாகாது. ஏனெனில் மிருதங்கத்தின் தொப்பியில் எழும் கும்கியும் வலந்தலையின் சாப்பும் தத்தம் அளவில் ஒலிக்க வேண்டுமேயன்றி, ஒன்று மற்றொன்றை விழுங்கிவிடக் கூடாது. 1968-இல் ஜெர்மனியின் சென்ஹைசர் நிறுவனம் எச்டி 414 என்னும் பெயரால் வெளியிட்ட திறந்த வகைக் கருவியில், ஒலித்தகட்டின் பின்னெழும் அலைகள் உள்ளே மோதித் திரும்பாமல் வெளியேறிவிடுவதால், பாடகரும் பக்கவாத்தியக்காரரும் நம் தலைக்குள் நெருக்குண்டு நிற்காமல், விசாலமான மண்டபமொன்றில் அமர்ந்திருப்பது போன்ற பிரமை உண்டாகிறது. ஜீவாளி பிடித்த தம்பூராவின் மந்தர ஷட்ஜத் தந்தியில் தானே பிறக்கும் அந்தர காந்தாரத்தை, அந்த அற்புதத்தை, அநுபவிக்க இவ்வகையே உத்தமம் என்பது என் திடமான அபிப்பிராயம். பஸ்ஸிலும் ரயிலிலும் கேட்பவருக்கோ, வெளிச்சத்தத்தைத் தடுக்கும் மூடிய வகையே கதி.

கருவியின் மின்மறுப்பையும் (இம்பீடன்ஸ்) விசாரித்தறிய வேண்டும். 300 ஓம் கொண்ட எச்டி 600 போன்றவற்றுக்குக் கைப்பேசியின் சக்தி பெரும்பாலும் போதாது. தனி ஆம்ப்ளிஃபயர் தேவைப்படும். வாங்குமுன், நன்கு பழகிய பழைய ஒலிப்பதிவொன்றை மிதமான சத்தத்தில் அரைமணி நேரமாவது அணிந்து கேளுங்கள்; காதை அழுத்தும் கருவி எத்தனை இனிமையாய் ஒலித்தாலும், ஒரு தோடி ஆலாபனை முடிவதற்குள் கழற்றிவைக்கவே தோன்றும்.