பதினேழாவதாக வந்த வண்டி

2011-ஆம் ஆண்டு அக்டோபர் 30-ஆம் நாள், டில்லிக்கருகே கிரேட்டர் நொய்டாவிலுள்ள புத்தா பந்தயச் சாலையில், இந்திய மண்ணில் முதன்முறையாக ஃபார்முலா ஒன் மோட்டார்ப் பந்தயம் நடைபெற்றது. முதலாவதாக வந்தவர் ஜெர்மனி தேசத்து செபாஸ்டியன் வெட்டல். நமது கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் 17-ஆவதாக வந்தார். முதல்வர் 60 சுற்றுக்களையும் ஓடி முடித்தபோது, நரேன் மூன்று சுற்றுக்கள் பின்தங்கியிருந்தார்.

பதினேழாவதாக வந்தவரின் வண்டியைப் பற்றி ஒரு கட்டுரையா என்று வாசக அன்பர்கள் வியக்கக்கூடும். அந்த வண்டியைத்தான் பாறசாலையில் ஒரு வீட்டு மாடியறையில், நம் சங்கத்துக் குடும்பமொன்றின் பிள்ளை, கணினிக்குள் மறுபடியும் கட்டிக்கொண்டிருக்கிறான். பாலிடெக்னிக்கில் யந்திரவியல் படிப்பவன். அவன் தகப்பனார் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து நெய்யாற்றின்கரையில் பாத்திரக்கடை வைத்திருப்பவர். ஒருநாள் அவர் என்னிடம் ஆற்றாமையுடன் சொன்னார்: "செயிச்ச வண்டியைச் செஞ்சாலும் ஒரு அர்த்தம் உண்டு அண்ணாச்சி. தோத்த வண்டிக்கு ஆறு மாசமா?"

அக்கேள்விக்கு விடை காணவே மாடியேறினேன். நம் வீடுகளில் இத்தகைய பிள்ளைகள் ஒருவர் இருவர் அல்லர். அவர்கள் இரவில் விழித்திருந்து செய்வது இன்னதென்று பெற்றோர் அறிவது நலம்.

கணினியில் கார் ஓட்டும் விளையாட்டுக்கள் இருவகைப்படும். ஒன்று வெறும் வேடிக்கை. சுவரில் மோதினாலும் வண்டி துள்ளி எழுந்து ஓடும். மற்றொன்று மெய்யான வண்டியின் இயல்பைக் கணக்கினால் போலச் செய்வது. இத்தாலி நாட்டுக் குனோஸ் நிறுவனத்தார் 2014-இல் முழுமையாக வெளியிட்ட 'அசெட்டோ கோர்சா' இரண்டாம் வகையைச் சேர்ந்தது. அதில் ஒரு வண்டி என்பது, அதன் எடை, ஸ்பிரிங்கின் விறைப்பு, சிறகின் சாய்வு, டயரின் பிடிப்பு என்று எண்களாக எழுதப்பட்ட சில ஏடுகளே. எண்ணை மாற்றினால் வண்டி மாறும். இங்கிலாந்தின் கோட்மாஸ்டர்ஸ் நிறுவனத்தார் 2011-இல் வெளியிட்ட விளையாட்டில் நரேனின் வண்டியும் புத்தா சாலையும் இடம் பெற்றிருந்தன. ஆனால் அதில் வண்டியின் அமைப்பைப் படிப்படியாகக் கூட்டவும் குறைக்கவும் இயலுமேயன்றி, எண்களைத் தொட இயலாது. நம் பையனுக்கு வேண்டியது எண்கள்.

எண்கள் எங்கே கிடைக்கும்? பந்தய அணிகள் தம் வண்டியின் அமைப்பை எவருக்கும் சொல்வதில்லை. நரேன் ஓட்டியது எச்.ஆர்.டி. என்னும் ஸ்பானிய அணியின் எஃப்111 வண்டி. அந்த அணி 2012-ஆம் ஆண்டுப் பந்தயங்களோடு மறைந்துவிட்டது. ஆகவே பையன் துப்பறிவாளனைப் போல் மூன்று வழிகளில் சென்றிருக்கிறான்.

முதல் வழி, சட்டப் புத்தகம். 2011-இல் ஓட்டுநரையும் சேர்த்து வண்டியின் எடை 640 கிலோவுக்குக் குறையலாகாது. அதில் முன் சக்கரங்களின்மேல் குறைந்தது 291 கிலோவும், பின் சக்கரங்களின்மேல் குறைந்தது 342 கிலோவும் இருந்தாக வேண்டும். இரண்டையும் கூட்டினால் 633. மீதி 7 கிலோவை மட்டுமே அணி தன் விருப்பம்போல் முன்னும் பின்னும் நகர்த்தலாம். நம் நாட்டு மாட்டுவண்டிக்காரர் முன்பாரம், பின்பாரம் என்பார்களே, அந்தக் கணக்கை அவ்வாண்டுச் சட்டமே ஏறக்குறைய முடித்துவைத்துவிட்டது. எஞ்சின் 2.4 லிட்டர், எட்டு சிலிண்டர், நிமிடத்துக்கு 18,000 சுற்றுக்கு மேற்படக் கூடாது. வண்டியின் அடியில் 10 மில்லிமீட்டர் கனமுள்ள பலகை ஒன்று உண்டு. பந்தய முடிவில் அது ஒரு மில்லிமீட்டருக்கு மேல் தேய்ந்திருந்தால் குற்றம். தரைக்கு எவ்வளவு நெருக்கமாக வண்டியைத் தாழ்த்தலாம் என்பதற்கு இப்பலகையே காவல்காரன்.

இரண்டாம் வழி என்னை மெய்யாகவே வியக்க வைத்தது. வண்டியில் பொருத்திய காமிரா எடுத்த படங்களிலிருந்து அவன் ஒலியைப் பிரித்து அளக்கிறான். எஞ்சின் நிமிடத்துக்கு 18,000 முறை சுழன்றால் விநாடிக்கு 300 முறை. எட்டு சிலிண்டர்களில் ஒவ்வொன்றும் இரு சுழற்சிக்கு ஒருமுறை வெடிப்பதால், விநாடிக்கு 1,200 வெடிப்புக்கள். அவ்வெடிப்புக்களே நாம் கேட்கும் அலறல். அதன் சுருதியைக் கணினி அளந்து சொல்லிவிடும். திரையில் வேகமும் காட்டப்படுகிறது. உதாரணமாக, மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் எஞ்சின் உச்சச் சுழற்சியைத் தொடுகிறது என்று கொள்வோம். 660 மில்லிமீட்டர் விட்டமுள்ள டயர் அவ்வேகத்தில் விநாடிக்கு சுமார் 40 முறை உருளும். முந்நூற்றை நாற்பதால் வகுத்தால் ஏழரை. எஞ்சின் ஏழரைச் சுற்றுச் சுற்றும்போது சக்கரம் ஒரு சுற்று என்று அந்த கியரின் விகிதம் புலனாகிவிட்டது! இவ்வாறே ஏழு கியர்களுக்கும் காதினாலேயே கணக்கெடுத்திருக்கிறான். வாய்ப்பாடு மனப்பாடமாகவில்லை என்று சிறுவயதில் அடி வாங்கிய பையன் இவன் என்பதையும் சொல்லவேண்டும்.

மூன்றாம் வழி, பந்தயத்தை நடத்துவோர் வெளியிடும் நேரப் பட்டியல்கள். அவற்றில் சுற்றின் மொத்த நேரம் மட்டுமன்றி, சாலையை மூன்று பகுதிகளாக்கி ஒவ்வொன்றின் நேரமும், நேர்ப்பாதையில் எட்டிய உச்ச வேகமும் இருக்கும். தன் வண்டியைக் கணினியில் ஓட்டிப் பார்க்கிறான். நேர்ப்பாதையில் வேகம் பொருந்தி வளைவுகளில் நேரம் பொருந்தவில்லையானால், பிழை டயரிலோ காற்றின் அழுத்தத்திலோ இருக்கிறது. வளைவுகள் பொருந்தி நேர்ப்பாதை பொருந்தவில்லையானால், பிழை எஞ்சினிலோ காற்றின் தடையிலோ இருக்கிறது. நாடி பிடித்து நோயறியும் வைத்தியம்போல் இது நடக்கிறது.

இனி அமைப்பு என்பது யாது? ஒன்றைப் பெற ஒன்றை இழக்கும் பேரம் அது. புத்தா சாலையின் நீளம் 5.125 கிலோமீட்டர், வளைவுகள் 16. மூன்றாம் வளைவுக்கும் நான்காம் வளைவுக்கும் நடுவே ஒரு கிலோமீட்டருக்கு மேற்பட்ட நேர்ப்பாதை. அங்கே விரைந்தோடச் சிறகுகளைத் தாழ்த்திக் காற்றின் தடையைக் குறைக்கவேண்டும். அப்படிக் குறைத்தால், விசிறிபோல் விரிந்த பத்தாம், பதினோராம் வளைவுகளில் வண்டியைத் தரையோடு அழுத்தப் போதிய காற்று இல்லாமல் வெளிப்புறம் நழுவும். முன்சிறகை மட்டும் உயர்த்தினால் மூக்கு நன்றாகத் திரும்பும். ஆனால் வால் வீசும். பின்சிறகை உயர்த்தினால் வால் அடங்கும். ஆனால் நாம் ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் மூக்கு நேரே போவேன் என்று அடம் பிடிக்கும். அமரவிளைப் பக்கம் வளைவில் திரும்பும் பேருந்து ஒருபுறம் சாய்வதைக் கண்டிருப்பீர்கள். அச்சாய்வைத் தடுக்க இரு சக்கரங்களையும் இணைத்து ஓர் இரும்புத் தண்டு உண்டு. முன்தண்டை விறைப்பாக்கினால் முன்சக்கரங்களின் பிடிப்புக் குறையும். பின்தண்டை விறைப்பாக்கினால் பின்சக்கரங்களின் பிடிப்புக் குறையும். சக்கரங்களின் தலையை உட்புறம் சிறிது சாய்த்து வைப்பதும் உண்டு. வளைவில் வண்டி சாயும்போது டயர் முழுமையாகத் தரையில் படிய இது உதவும். நேர்ப்பாதையில் உள்விளிம்பு மட்டும் தேயும். (ரயில் சக்கரத்தின் விளிம்பையும் இருபதில் ஒரு பங்கு சரிவாகக் கடைகிறார்கள், ஆனால் அச்சரிவு சக்கரத்தைத் தண்டவாளத்தின் நடுவே நிறுத்துவதற்கு. ஒரே சாய்வு, இரு வேறு வேலை.)

இவையெல்லாம் எந்த வண்டிக்கும் பொது. எச்.ஆர்.டி. வண்டிக்கென்று தனிக் குறைகள் இருந்தன. பிரேக் பிடிக்கையில் வீணாகும் சக்தியை மின்சாரமாகச் சேமித்து, சுற்றுக்கு ஏழு விநாடிக்குச் சற்றுக் குறைவான நேரம் ஏறக்குறைய 80 குதிரைத்திறனைக் கூட்டித் தரும் 'கெர்ஸ்' என்னும் ஏற்பாடு அவ்வாண்டு முன்னணி அணிகளிடம் இருந்தது, எச்.ஆர்.டி.யிடம் இல்லை. ஆண்டின் முதற்பந்தயமான ஆஸ்திரேலியாவுக்கு முன் அவ்வண்டியை ஓட்டிச் சோதிக்கவும் இயலவில்லை. தகுதிச் சுற்றில் மிக விரைந்தவர் 100 விநாடியில் முடித்தால் மற்றவர் 107 விநாடிக்குள் முடிக்கவேண்டும் என்பது விதி. நரேனும் அவருடைய அணித்தோழரும் அங்கே அவ்வரம்பைத் தாண்டியதால் பந்தயத்தில் அனுமதிக்கப்படவில்லை. ஆண்டின் நடுவில் நரேனின் இடம் வேறொருவருக்குச் சென்றது. இந்தியப் பந்தயத்துக்குத்தான் மீண்டும் அழைக்கப்பட்டார்.

பையனின் வண்டி முதலில் ஓடியபோது முன்னணி வண்டிகளோடு ஓடியதாம்! அவனுடைய தோழர்கள், தமிழ்ப் பிள்ளைகளும் மலையாளப் பிள்ளைகளும், கை தட்டினார்கள். அவனோ அன்றிரவே எண்களைக் குறைக்கத் தொடங்கினான். காற்றின் அழுத்தத்தைச் சிறிது சிறிதாக எடுத்தான். அழுத்தம் குறையவே டயர் தரையைப் பற்றாமல் வழுக்கியது. வழுக்கவே மேல்தோல் சூடேறிக் கெட்டது. அப்போதுதான் சுற்று நேரம் பட்டியலோடு நெருங்கியது. "வேகமாப் போனா அது நரேன் வண்டி இல்ல மாமா. அவர் எதோட மல்லுக்கட்டினார்னு தெரியணும்ல" என்றான். நானும் அவ்விருக்கையில் அமர்ந்து பார்த்தேன். மூன்றாவது வளைவிலேயே வண்டி என்னை வேலிக்கு அனுப்பிவிட்டது. அதில் ஒரு பந்தயம் முழுவதும் ஓட்டி, அதே வண்டியில் வந்த தன் அணித்தோழர் டானியல் ரிக்கியார்டோவுக்கு முன்னால் முடிப்பது எளிதன்று. 18-ஆவதாக வந்த அந்த ரிக்கியார்டோ 2014-இல் மூன்று ஃபார்முலா ஒன் பந்தயங்களை வென்றார். பதினேழு என்ற எண்ணின் பெறுமானத்தை எனக்கு உணர்த்தியது அந்தக் கணினி வண்டிதான்.

ஆயினும் விளையாட்டு தராதவை பல. உடலை ஒருபுறம் இழுக்கும் விசை இல்லை, வெப்பம் இல்லை, அச்சம் இல்லை. டயரின் உள்ளியல்பு உற்பத்தியாளரின் ரகசியம். பையன் கண்டது ஊகமே. விளையாட்டிலிருந்து மெய்யான பந்தயத்துக்குச் சென்றவர்களும் உண்டு. வேல்ஸ் நாட்டில் வளர்ந்த ஜான் மார்டன்பரோ என்னும் இளைஞர் 2011-இல் 'கிரான் டூரிஸ்மோ' விளையாட்டுப் போட்டியில் வென்று நிஸ்ஸான் நிறுவனத்தின் ஓட்டுநரானார். 2013-இல் லெ மான் 24 மணிப் பந்தயத்தில் அவர் அணி தன் பிரிவில் மூன்றாமிடம் பெற்றது. 2015-இல் நூர்பர்க்ரிங் பந்தயச் சாலையில் அவர் வண்டி காற்றில் எழும்பி வேலிக்கு அப்பால் விழ, பார்வையாளர் ஒருவர் உயிரிழந்தார். இவ்விரண்டையும் பிள்ளைகளுக்குச் சேர்த்தே சொல்லவேண்டும் என்பது என் கருத்து. மேலும் நரேனின் தகப்பனாரே ராலி பந்தய வீரர். நம்மைப்போல் கடையும் சம்பளமும் நம்பி எல்லை கடந்து வந்த குடும்பங்களுக்கு அந்த வழி மிகுந்த பொருட்செலவுடையது.

ஆனால் வேறொரு வழி உண்டு என்று பாத்திரக்கடைக்காரரிடம் சொன்னேன். கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் காரி பந்தயச் சாலை இருக்கிறது. மாருதி 800 எஞ்சினைக் கொண்டு பந்தய வண்டி கட்டி, நம்மவர் பலருக்கு முதற்படியமைத்துக் கொடுத்த கரிவரதன் அவர்களின் பெயர் தாங்கியது. அவர் 1995-இல் விமான விபத்தில் மறைந்தார். அச்சாலையில் 'ஃபார்முலா பாரத்' என்னும் போட்டி நடந்து வருகிறது. பொறியியல் மாணவர்கள் தாமே வண்டி கட்டிக் கொண்டுவந்து, அதன் அமைப்பை ஏன் அவ்வாறு செய்தோம் என்று நடுவர்முன் விளக்கவேண்டும். முன்பாரம் பின்பாரம், தண்டின் விறைப்பு, கியரின் விகிதம் எல்லாம் அங்கே கேள்வியாக வரும். பாலிடெக்னிக் முடித்துப் பொறியியற் கல்லூரியில் இரண்டாமாண்டில் சேர வழியுண்டு. "அப்போ அந்த ஸ்டீயரிங்கைப் பரீட்சை முடியுற வரைக்கும் பரண்ல வைக்கச் சொல்றேன்" என்றார் அவர். அதுவும் நியாயமே.

பையன் இப்போது அடுத்த வண்டியைத் தொடங்கியிருக்கிறான். 2005-இல் நரேன் ஓட்டிய ஜோர்டன் இ.ஜே.15, டொயோட்டா எஞ்சினுடையது. அவ்வாண்டு ஜூன் 19-ஆம் நாள் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில், மிஷலின் டயர்கள் வேகவளைவைத் தாங்காவென்று 14 வண்டிகள் விலகிக்கொள்ள, பிரிஜ்ஸ்டோன் டயர் பூட்டிய ஆறு மட்டும் ஓடின. நரேன் நான்காவதாக வந்து 5 புள்ளிகள் பெற்றார். பந்தயத்தின் நடுவே டயர் மாற்றக் கூடாதென்பது அவ்வாண்டு விதி; ஒரே டயர்கள் 73 சுற்றுக்கள் தாங்கவேண்டும். எஞ்சினும் எட்டு சிலிண்டரன்று, பத்து. ஆகவே ஒரு சுழற்சிக்கு ஐந்து வெடிப்பு என்று வைத்துக்கொண்டு, ஒலியை மறுபடியும் முதலிலிருந்து எண்ணத் தொடங்கியிருக்கிறான்.