சட்டவாட்சி: பெரிய பெயர், நம்ம வாசல் விஷயம்

"பிள்ளை டிகிரி முடிச்சிட்டான், இனி என்ன படிக்க வைக்கிறது?" என்று கேட்கும் பெற்றோருக்காக இதை எழுதுகிறோம். சட்டவாட்சியும் சர்வதேச அபிவிருத்தியும் என்று ஒரு மேற்படிப்பு இருக்கிறது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் படிப்பிக்கிறார்கள்.

அது என்ன என்று விளங்க அம்பாறை மாவட்டத்தைப் பாருங்கள். அங்கே வரிப்பத்தான்சேனை என்று ஒரு முஸ்லிம் கிராமம், நெல் விளையும் ஊர். அங்கிருந்து கரைப்பக்கம் போனால் நுரைச்சோலை. 2004 டிசம்பர் சுனாமியில் வீடிழந்த அக்கரைப்பற்று மக்களுக்காக, சவூதி அரேபியாவின் உதவியில் அங்கே 500 வீடுகள் கட்டினார்கள். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரிக் கட்டடமும் எழும்பின. ஆனால் வீடுகளை ஒரு சமூகத்துக்கு மட்டும் கொடுக்கக்கூடாது என்று வழக்குப் போனது. 2009இல் உச்ச நீதிமன்றம் அந்தப் பகிர்வை நிறுத்தியது. சுனாமியில் அடிபட்ட சனம் பார்த்துக்கொண்டிருக்க, வீடுகள் வருஷக்கணக்கில் ஆளில்லாமல் காடு பற்றிக் கிடந்தன.

காசு வந்தது, சிமெந்தும் வந்தது. காணி யாருக்குரியது, பெயர்ப் பட்டியலை யார் எழுதுவது, விடுபட்டவர் எங்கே முறையிடுவது என்பதுதான் முதலிலேயே தீரவில்லை. இந்த மாதிரிக் கேள்விகளைத்தான் அந்தப் படிப்பில் படிக்கிறார்கள்.

நம்ம தோட்டத்திலும் இதே கேள்விதான். இந்திய உதவியில் மலையகத்துக்கு 4,000 வீட்டுத் திட்டம் வந்தது. ஆளுக்கு 7 பேர்ச் காணி என்றார்கள். சாவி கைக்கு வந்தாலும், காணி உறுதி வரும்வரை அந்த வீடு பாதிதான் நம்முடையது. இன்னொன்றையும் நினைக்க வேணும்: 1948 குடியுரிமைச் சட்டம் நம்ம பாட்டன் பாட்டிமாரை நாடற்றவராக்கியது. அதுவும் பாராளுமன்றம் முறைப்படி நிறைவேற்றிய சட்டம்தான்! ஆகவே சட்டம் இருப்பது வேறு, சட்டவாட்சி வேறு.

சட்டத்தில் முதுமாணி செய்ய பெரும்பாலும் சட்டமாணிப் பட்டம் கேட்பார்கள். அபிவிருத்திப் பக்கம் போக சமூகவியல், பொருளியல் பட்டமும் பல இடங்களில் போதும். வேலை செய்துகொண்டே சட்டம் படிக்க திறந்த பல்கலைக்கழகம் இருக்கிறது.

செலவு? பிரித்தானிய அரசின் செவ்னிங் புலமைப்பரிசில் ஒரு வருஷ முதுமாணிக்கு முழுச் செலவும் கொடுக்கிறது. பட்டமும் இரண்டு வருஷ வேலை அனுபவமும் வேண்டும்; முடித்ததும் நாடு திரும்பி இரண்டு வருஷம் இருக்க வேண்டும். வழக்கமாக ஆகஸ்ட் மாதமளவில் விண்ணப்பம் கோருவார்கள். இங்கிலீஷை அதற்கு முன்னமே, சாதாரண தரம் படிக்கும்போதே, பிடித்துக்கொள்ளச் சொல்லுங்க. லயத்து ஆட்களுக்குக் காணி உறுதி கேட்டுப் பிள்ளை மனு எழுதிக் கொடுத்திருந்தால், அதையும் வெட்கப்படாமல் விண்ணப்பத்தில் எழுதட்டும்.