மூன்று மைக்ரான் கவசம்

தாராபுரத்து லேத் பட்டறைகளில் 'விடியா' டூல் தெரியாதவர் இல்லை. அதன் முனையில் இருக்கும் கார்பைடு ஒற்றைப் பொருள் அல்ல. டங்ஸ்டன் கார்பைடு மணிகளைக் கோபால்ட் என்ற உலோகம் பிடித்து வைத்திருக்கிறது. கோபால்ட் 6 சதவீதம் என்றால் முனை எளிதில் தேயாது. 10 சதவீதம் என்றால் அடி தாங்கும், ஆனால் தேய்மானம் கூடும். கடினமான மணிகளோடு உலோகத்தைச் சேர்க்கும், 1920களில் ஜெர்மனியில் உருவான இந்த உத்தியைத்தான் ஆய்வாளர்கள் இன்று நானோ அளவில், மெல்லிய படலமாக முயன்று பார்க்கிறார்கள்.

கோவைக் கடைகளில் கிடைக்கும் பொன்னிற டிரில் பிட்டின் மேல் இருப்பது டைட்டானியம் நைட்ரைடு. தடிமன் 2 முதல் 4 மைக்ரான். தலைமுடி இதைவிட இருபது மடங்கு தடிமன். ஹைஸ்பீடு ஸ்டீலின் கடினம் 8, 9 கிகாபாஸ்கல் என்றால் இந்தக் கோட்டிங்குக்கு 20க்கு மேல். ஆனால் பீங்கான் இனத்துக்கே உரிய குறை இதற்கும் உண்டு: ஒரு கீறல் விழுந்தால் அது தங்குதடையின்றி ஓடும்.

இங்கேதான் உலோகம் உதவுகிறது. 1990களின் பிற்பகுதியில் செக் நாட்டின் பிள்சென் நகர ஆய்வாளர்கள் சிர்கோனியம் நைட்ரைடோடு செம்பைச் சேர்த்தார்கள். நூறு அணுவுக்கு ஒன்றிரண்டு செம்பு அணு போதுமானதாக இருந்தது. கடினம் 40 கிகாபாஸ்கலைத் தாண்டியது. செம்பு கூடியபோது கடினம் இறங்கிவிட்டது. மணிகள் சில பத்து நானோமீட்டருக்குள் சுருங்கும்போது அவற்றுக்கு இடையிலான எல்லைகள் பெருகுகின்றன. உருக்குலைவு எல்லையில் தடைபடுகிறது, கீறலும் திசை மாறி வலுவிழக்கிறது.

இவ்வளவு மெல்லிய படலத்தின் கடினத்தை அளக்க முப்பக்க வைரக் கூர்முனையைச் சில கிராம் பாரத்தில் அழுத்துவார்கள். பள்ளம் படலத் தடிமனில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. தாண்டினால் அடியிலுள்ள எஃகின் குணமும் கணக்கில் கலந்துவிடும்.

விற்பவர் கடின எண்ணை மட்டும் சொன்னால் நான் திருப்தியடைய மாட்டேன். பிடிப்பு இல்லாத கோட்டிங் எவ்வளவு கடினமாக இருந்தாலும் உரிந்து போகும். ஹீட் ட்ரீட்மென்ட் கடைகளில் இருக்கும் ராக்வெல் மெஷினிலேயே இதைச் சோதிக்கலாம். 150 கிலோ பாரத்தில் குத்தி, பள்ளத்தின் விளிம்பை மைக்ரோஸ்கோப்பில் பாருங்கள். மெல்லிய விரிசல்கள் மட்டும் தெரிந்தால் பிடிப்பு நன்று. சுற்றிலும் செதிலாகப் பெயர்ந்திருந்தால் அந்தக் கோட்டிங்கைத் திருப்பி அனுப்புங்கள்.