குதிரை இரவில் எங்கே நிற்கிறது?

நெடுந்தீவுக்குப் போகும் பிள்ளைகள் தவறாமல் கேட்பது ஒன்றுதான்: "அந்தக் குதிரையிலை ஏறலாமா?" குறிகட்டுவானில் படகேறி, கடலில் ஆடியாடிப் போய் இறங்கி, வெல்லைப் பக்கத்து வெட்டையில் கூட்டமாக மேயும் மட்டக் குதிரைகளைக் கண்டால் எந்தப் பிள்ளைக்கும் அந்த ஆசை வரும்.

ஏற முடியாது. அவை இன்று யாரும் கட்டி வளர்க்கும் குதிரைகள் அல்ல. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் அந்தத் தீவில் குதிரை வளர்த்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தீவை நிர்வகித்த நோலன் என்ற பிரித்தானிய அதிகாரியும் அதைத் தொடர்ந்தார். அவர்கள் போன பிறகு லாயங்கள் இடிந்தன. குதிரைகள் பெருகிக் காட்டுயிராகிவிட்டன. 2015இல் தீவின் ஒரு பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. குதிரைகளைத் தீவுக்கு வெளியே கொண்டுபோகவும் தடை உண்டு. அந்தத் தடை இருக்கத்தான் வேண்டும். கடும் வறட்சியில் குடிக்க நீரில்லாமல் செத்து விழும் குதிரைகளுக்கு இப்போது தேவை நிரம்பிய தண்ணீர்த் தொட்டிதான், சேணம் அல்ல.

ஆனால் பிள்ளைகளின் ஆசை அப்படியே இருக்கிறது. யாழ்ப்பாணத்துக் கசூரினாக் கடற்கரையிலோ சங்கிலியன் பூங்காவிலோ நாளை ஒருவர் நாலு மட்டக் குதிரைகளைக் கொண்டுவந்து நிறுத்தினால் சனம் வரிசையில் நிற்கும். அப்படி ஒரு தொழில் வருமுன்னரே அயலவர்கள் என்ன கேட்க வேண்டும் என்பதை மற்ற ஊர்களைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

நுவரெலியாவில் கிரகரி வாவியோரம் குதிரைச் சவாரி நடக்கிறது. வேலை முடிந்து அவிழ்த்துவிடப்பட்ட குதிரைகள் பிரதான வீதிகளில் அலைவதாக அங்கே ஓயாத முறைப்பாடு. கொடைக்கானல் ஏரியைச் சுற்றியும் ஊட்டியிலும் இதே கதைதான்: வீதியில் சாணம், மழையோடு அது ஏரிக்குள் போவது, இரவில் வாகனத்தில் மோதிக் காயப்படும் குதிரை. நகராட்சி பிடிக்கிறது, அபராதம் போடுகிறது, சில நாளில் அதே குதிரை அதே வீதியில் நிற்கிறது. காரணம் எளிது. சவாரிக்காரருக்கு வருமானம் சீசனில் மட்டும்; குதிரையின் வயிற்றுக்கு சீசன் இல்லை. தீவனச் செலவைத் தாங்க முடியாதவர் கயிற்றை அவிழ்த்துவிடுகிறார், அது கட்டாக்காலி ஆகிறது. அவரை மட்டும் குற்றம் சொல்லி என்ன பயன்? சீசன் இல்லாத மாதங்களுக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்காமல் உரிமம் கொடுத்தவர்களுக்கும் இதில் பங்குண்டு.

அயலவர் முறைப்பாடு என்றால் நம்மவர்கள் சட்டென்று எரிச்சல், பொறாமை என்று தள்ளிவிடுவார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. உல்லாசப் பயணி குதிரையைப் பார்ப்பது பத்து நிமிடம். மிச்ச நாள் முழுவதும் அதைப் பார்ப்பவர் பக்கத்து வளவுக்காரர்தான். அது வெயிலில் கட்டப்பட்டு நிற்பது, வாளியில் தண்ணீர் இல்லாதது, சேணவார் உராய்ந்து முன்னங்காலுக்குப் பின்னே தோல் உரிந்து ஈரமாகக் கிடப்பது, அதில் இலையான் மொய்ப்பது எல்லாம் அவர் கண்ணில்தான் படும். குதிரைக்கு வாயில்லை, அதற்காகப் பேசக்கூடியவர் அவர்.

யாழ்ப்பாணத்துக்கென்று தனியாக ஒரு கவலையும் உண்டு. நமது குடிநீர் சுண்ணக்கல்லுக்குள் கிடக்கும் நிலத்தடி நீர். மேலே ஊற்றுவது கீழே இறங்கும். தோட்ட உரத்தாலும் மலசலகூடக் குழிகளாலும் வலிகாமத்துக் கிணறுகளில் நைத்திரேற்று ஏற்கனவே ஏறிக் கிடக்கிறது. ஒரு மட்டக் குதிரை நாளொன்றுக்குப் பத்துக் கிலோவரை சாணம் போடும். நாலு குதிரையின் சாணமும் மூத்திரமும் கிணற்றடியில் குவிந்தால் அயலவர் பயப்படுவது நியாயம். வெக்கையில் பத்து நாளுக்குள் அந்தக் குவியலிலிருந்து ஒரு தலைமுறை இலையான் பறந்துவிடும். வெங்காயத் தோட்டக்காரரும் புகையிலைக்காரரும் எரு தேடித் திரியும் ஊர் இது. கிழமைக்கு இரண்டு தரம் அள்ளிக் கொடுக்க ஒழுங்கு செய்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

சட்டத்தை நம்பி இருக்க முடியாது. இலங்கையில் விலங்குவதைத் தடைச் சட்டம் 1907ஆம் ஆண்டுக்குரியது. அது விதித்த அதிகபட்ச அபராதம் 100 ரூபாய். சட்ட ஆணைக்குழு 2006இல் வரைந்த புதிய சட்டமூலம் ஆண்டுக்கணக்கில் தூங்கியது. இந்தியாவின் 1965ஆம் ஆண்டு விதிகள் சற்றுத் தெளிவானவை: மட்டக் குதிரையின் முதுகில் 70 கிலோவுக்கு மேல் பொதி ஏற்றக்கூடாது, வெப்பம் 37 பாகையைத் தாண்டும் இடங்களில் பகல் 12 முதல் 3 மணிவரை வேலை வாங்கக்கூடாது. பொதி சுமப்பதற்கான அந்த அளவைச் சவாரிக்கும் எடுத்துக்கொண்டால், வளர்ந்த ஆட்கள் பலர் ஏறவே முடியாது. மும்பை உயர் நீதிமன்றம் 2015இல் அந்நகரத்துக் குதிரை வண்டிகளைச் சட்டவிரோதம் என்றே தீர்ப்பளித்தது.

இங்கே அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. பிரதேச சபை உரிமம் கொடுக்குமுன் லாயத்தைப் போய்ப் பார்க்கட்டும். கிணற்றுக்கும் லாயத்துக்கும் இடைவெளியைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் அளக்கட்டும். கால்நடை வைத்தியர் சேணத்தைக் கழற்றி முதுகைத் தடவிப் பார்க்கட்டும். சீசன் இல்லாத மாதங்களுக்குத் தீவனம் எங்கிருந்து வரும் என்று எழுத்தில் கேட்கட்டும். ஆண்டுதோறும் உரிமத்தைப் புதுப்பிக்கும்போது சுற்றியுள்ள வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டு விசாரித்து, அவர்கள் சொல்வதைக் கோவையில் பதிந்த பிறகே கையெழுத்திடட்டும்.